ஓட்டல் சாப்பாடு ஊதாரித்தனமா?

தொழிலாளி கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் முதலாளி தரப்பிலிருந்து ஒரு பழைய பல்லவி கிளம்புகிறது. தொழிலாளிக்குப் பணத்தைப் பிடித்துச் செலவழிக்கத் தெரியவில்லையாம். காலையில் டீக்கடை, மத்தியானம் ஓட்டல், ராத்திரி பரோட்டாக் கடை என்று கூலியெல்லாம் வெளியே போகிறதாம். வீட்டில் அடுப்பு மூட்டினால் பாதிப் பணம் மிஞ்சுமாம். ஆகவே கூலியை உயர்த்துவதால் பயனில்லையாம்! கிராமத்திலே நிலக்காரர்களும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். நடவுக்கு வருகிற பெண்கள்கூட இப்போது டீயும் வடையும் இல்லாமல் வயலில் இறங்குவதில்லை என்று அங்கலாய்க்கிறார்கள்.

முதலாளி சொல்வதில் வியப்பில்லை. ஆனால் நம்முடைய தோழர்களிலேயே சிலர் இந்தப் பல்லவிக்குத் தாளம் போடுகிறார்கள். “அந்தக் காலத்தில் நாங்கள் தூக்குப்போசியில் பழைய சோறு கட்டிக்கொண்டு போனோம், இந்தக் காலத்துப் பையன்கள் பார்சல் வாங்கித் தின்கிறார்கள்” என்று மூத்த தொழிலாளர்கள் குறைப்படுகிறார்கள். சம்பள நாளன்று சாப்பாட்டுக் கடைப் பற்று நோட்டைத் தீர்த்துவிட்டு மிச்சத்தை வீட்டில் கொடுக்கும்போது தாய்மார்களும் மனம் வெதும்பிப் பேசுகிறார்கள். இந்தக் குறைகளை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. தொழிலாளி குடும்பத்தில் சண்டையை மூட்டுகிற விஷயம் சில்லறை விஷயமாகாது.

நமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உழைப்பாளி வெளியே சாப்பிடுவது ஊதாரித்தனமல்ல. வேலை நேரமும் வேலை முறையும் அவனை வெளியே தள்ளியிருக்கின்றன. ஆனால் அந்தச் செலவை அவனே தன்னந்தனியாகச் சுமப்பது அநியாயம். அதில் ஒரு பங்கை வேலை வாங்குகிறவன் தாங்க வேண்டும். இன்னொரு பங்கை சர்க்கார் தாங்க வேண்டும். இதைக் கேட்டு வாங்காமல் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருப்பது முதலாளிக்கே லாபம்.

யார் ஆசைக்காகப் போகிறார்கள்?

பஞ்சாலையிலே இரவு ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வெளியே வருகிற தொழிலாளியைப் பாருங்கள். எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் இழை முடிந்திருக்கிறான். தலைமுடியில் பஞ்சு, காதில் இயந்திரத்தின் இரைச்சல், கண்ணில் எரிச்சல். மில் வாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லிப் பானை ஆவி விடுகிறது. நான்கு இட்லியைத் தின்றுவிட்டு அவன் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறான். வீட்டில் அந்த நேரத்தில் மனைவியும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது?

திருப்பூரிலும் கோவையிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளிகள் ஒரே அறையில் பல பேராகத் தங்குகிறார்கள். படுப்பதற்கே முறை வைக்க வேண்டியிருக்கிற அறையில் அடுப்பை எங்கே வைப்பது? தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த நம்முடைய பிள்ளைகளின் நிலையும் இதுதான். மெஸ்சும் கையேந்தி பவனும் அவர்களுக்குச் சமையலறை.

விவசாயத் தொழிலாளிகளை எடுத்துக்கொள்வோம். உள்ளூர் வயலில் வேலை கிடைத்த காலத்தில் மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்ப முடிந்தது. இன்று நடவும் களையும் கரும்பு வெட்டும் உள்ளூரில் வருஷம் முழுவதும் கிடைப்பதில்லை. வேனிலும் சரக்கு வண்டியிலும் ஏறி இருபது, முப்பது கிலோமீட்டர் போகிறார்கள். இருட்டோடு கிளம்புகிற பெண் மூன்று மணிக்கு எழுந்து சமைத்தால்தான் கையில் சோறு இருக்கும். இல்லாவிட்டால் வழியில் வண்டி நிற்கிற டீக்கடைதான் கதி.

மத்திய சர்க்காரின் கணக்கே இதைச் சொல்கிறது. 2022-23-ம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வின்படி, கிராமக் குடும்பம் தன் மொத்தச் செலவில் சுமார் 46 சதவிகிதத்தைச் சாப்பாட்டுக்குச் செலவிடுகிறது. நகரக் குடும்பம் சுமார் 39 சதவிகிதம். பானம், பலகாரம், தயாரித்த உணவு என்கிற வகைக்கு மட்டும் கிராமத்தில் 9.62 சதவிகிதமும் நகரத்தில் 10.64 சதவிகிதமும் போகின்றன. அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்குக் கிராமத்தில் போவது சுமார் 5 சதவிகிதமே. அந்த வகையில் பிஸ்கட், பாக்கெட் தின்பண்டம் எல்லாம் அடங்கும் என்பது உண்மை. இருந்தாலும், வீட்டுக்கு வெளியே தயாராகும் தீனி நாடு முழுவதும் பரவிவிட்டது என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. நாடு முழுவதும் உள்ள குடும்பங்கள் ஒரே சமயத்தில் ஊதாரிகளாக மாறிவிட்டன என்று புத்தியுள்ள எவனும் சொல்ல மாட்டான்.

1957-ம் ஆண்டுக் கணக்கில் விட்டுப்போன அடுப்பு

தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு 1957-ம் ஆண்டு ஜூலையில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது. தொழிலாளி குடும்பத்தில் மூன்று பங்கு உணவு வேண்டும். ஒரு பங்குக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி வேண்டும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி வேண்டும். வீட்டு வாடகை வேண்டும். எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு 20 சதவிகிதம் வேண்டும் என்பது அந்தக் கணக்கு. உணவுக் கணக்குக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டவர் நம்முடைய குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவராக இருந்த டாக்டர் ஐக்ராய்ட். பின்னர் 1991-ல் சுப்ரீம் கோர்ட் குழந்தைகளின் படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்காக இன்னும் 25 சதவிகிதம் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இந்தக் கணக்கு தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற ஆயுதம். இன்றும் பல முதலாளிகள் இந்த அளவுக்குக்கூடக் கூலி கொடுப்பதில்லை. ஆகவே அதை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதில் ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது. அரிசி உண்டு, பருப்பு உண்டு, எண்ணெய் உண்டு, விறகும் உண்டு. இவற்றைச் சோறாக்குகிற உழைப்பு மட்டும் இல்லை!

ஏன் இல்லை? புருஷன் ஒருவன் சம்பாதிப்பான், மனைவி வீட்டிலிருந்து சமைப்பாள் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. அவள் சம்பாதித்தால் அது கணக்கில் சேராது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. இன்று நிலைமை என்ன? பின்னலாடைக் கம்பெனியில் பெண், நூற்பாலையில் பெண், வயலில் பெண். ஒரு கூலியில் குடும்பம் நடக்காததால் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். முதலாளிக்கு ஒரு குடும்பத்திலிருந்து இரண்டு பேரின் உழைப்பு கிடைத்துவிட்டது. அடுப்படியில் நிற்க ஆள் இல்லாமல் போனது அந்தக் குடும்பத்தின் பாடாகிவிட்டது.

1867-ல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலின் முதல் பாகத்திலேயே மார்க்ஸ் இதைக் கண்டு சொன்னார். பெண்களை ஆலைக்குள் இழுத்துக்கொள்ளும்போது வீட்டு வேலைக்கான உழைப்பு குறைகிறது. அதற்கு ஈடாகக் கடையில் வாங்க வேண்டியதாகிறது. ஆகவே பணச் செலவு கூடுகிறது என்பது அவருடைய விளக்கம். லங்காஷயர் பஞ்சாலைகளைப் பார்த்து அவர் எழுதியது இன்று நம்முடைய மில் வாசலில் நடக்கிறது. தொழிலாளி வாங்குகிற பார்சல் சோறு, விற்றுப்போன உழைப்பு நேரத்துக்கு அவன் கொடுக்கிற ஈடு.

“வீட்டில் சமைத்தால் மலிவு” என்கிறார்கள். ஏன் மலிவு? சமைக்கிறவளுக்குக் கூலி பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுவதால் மலிவு! ஓட்டலில் சரக்கு மாஸ்டருக்கும் பரோட்டா மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் கூலி உண்டு. அது பில்லில் சேர்கிறது. வீட்டில் அந்த மூன்று வேலையையும் ஒருத்தியே செய்கிறாள், பில் இல்லை.

2024-ம் ஆண்டு மத்திய சர்க்கார் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் அதில் செலவிடுவதாகத் தெரிந்தது. அதே வேலையில் கைவைக்கிற ஆண்கள் 88 நிமிஷம். வேலைக்குப் போகிற பெண், போகாத பெண் எல்லோரையும் சேர்த்த சராசரி இது. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் இதில் பாதியைச் செய்தாலும் அவளுடைய நாள் பத்து மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. பஸ்ஸில் போகிற நேரம் தனி. எட்டு மணி நேர வேலை என்பதற்காக உலகத் தொழிலாளி ரத்தம் சிந்தினான். நம்முடைய தாய்மார்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வேலை நேரம் கூடினால் அடுப்பு இன்னும் அணையும். 2023 ஏப்ரல் மாதம் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. அந்த மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, ஏன் வீட்டில் சமைத்துச் சாப்பிடவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

டீக்கடைப் பெஞ்சும் போராடிப் பெற்றதுதான்

கிராமத்துத் தோழர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும். சேரி மக்கள் டீக்கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதே குற்றமாக இருந்த காலம் உண்டு. தனிக் கிளாஸ், தனி இடம், கையேந்தி நின்று வாங்க வேண்டும், குடித்த கிளாஸைத் தானே கழுவி வைக்க வேண்டும் என்கிற இழிவு உண்டு. கடைகளிலும் பொது ஓட்டல்களிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக்கூடாது என்று 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து சொன்னது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் எத்தனையோ ஊர்களில் இரட்டைக் கிளாஸ் முறையை நேரடிப் போராட்டத்தினால்தான் ஒழிக்க முடிந்தது. அடி வாங்கியவர்கள் உண்டு. சிறைக்குப் போனவர்கள் உண்டு.

ஆகவே விவசாயத் தொழிலாளி கடையில் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்து நிலக்காரர் முகம் சுளிக்கும்போது, அந்தச் சுளிப்பில் சிக்கன புத்தி மட்டும் இருப்பதாக நாம் நம்பவில்லை. கொடுத்த கூழை வாங்கிக் குடித்தவன் தான் விரும்பியதைக் கேட்டு வாங்கித் தின்கிறானே என்கிற எரிச்சலும் இருக்கிறது. அந்த எரிச்சலுக்கு நாம் இடம் கொடுக்கக்கூடாது.

நம்மிடத்திலும் குறை உண்டு

இப்படிச் சொல்வதால் எல்லாச் செலவும் நியாயம் என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளிக்கு நண்பன் அவன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல வேண்டும்.

புருஷன் கடையில் பிரியாணி தின்றுவிட்டு வருகிறான். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் ரேஷன் அரிசிச் சோற்றுக்கு மிளகாய் தொட்டுக்கொள்கிறார்கள். இதை வர்க்கப் பேச்சு பேசி மறைக்க முடியாது. 2019-21-ம் ஆண்டுக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதத்தினர் ரத்த சோகை உள்ளவர்கள். பாதிக்கு மேல்! கடைசியில் மிஞ்சியதைத் தின்கிற பழக்கத்துக்கும் இந்தச் சோகைக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொல்வார்கள்? வெளியே தின்கிற ருசியான சோறு ஆணுக்கு, வீட்டில் மிஞ்சுகிற பழைய சோறு பெண்ணுக்கு என்பது நிலப்பிரபுத்துவ மிச்சம். அதைத் தொழிலாளி தன் வீட்டில் வளர்க்கலாமா?

சாராயத்தோடு சேர்ந்த சாப்பாடு வேறு விஷயம். மதுக்கடைக்குப் பக்கத்தில் வறுத்த கறிக்குக் கொடுக்கிற பணத்தைப் பசிக்குத் தின்றதாகக் கணக்கெழுதுவது ஏமாற்று.

பற்று நோட்டு இன்னொரு ஆபத்து. ரொக்கம் கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான்கு இட்லி தின்பான். கணக்கில் எழுதிச் சாப்பிடுகிறவன் எத்தனை தின்றான், எத்தனை எழுதினார்கள் என்பதை மாதக் கடைசியில்தான் பார்ப்பான். கூலி தாமதமாக வருகிற இடத்தில் பற்று தவிர்க்க முடியாதது. ஆனால் நோட்டில் ஒரு பிரதி நம் கையிலும் இருக்க வேண்டும்.

எண்ணெயையும் கவனிக்க வேண்டும். காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கேடு விளைவிக்கும் சேர்மங்கள் சேர்கின்றன. அவை 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை உபயோகிக்கக்கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த விதி. பெரிய ஓட்டல்களில் இதைச் சோதிக்கும் அதிகாரிகள் மில் வாசல் வடைச் சட்டியையும் பார்க்கட்டும். தண்டம் போட்டு ஏழை வியாபாரியை விரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சட்டியிலிருந்து தினமும் தின்கிறவன் தொழிலாளி என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆகவே ஒரு செலவு நியாயமா அல்லவா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். வேலையின் நிர்ப்பந்தத்தால் வந்த செலவா? நாம் வெளியே சாப்பிடுகிற தரத்தில் வீட்டிலுள்ளவர்களும் சாப்பிடுகிறார்களா? கடன் ஏறாமல் நடக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், யாருடைய உபதேசத்தையும் கேட்க வேண்டியதில்லை. மாதம் ஒரு தடவை மனைவி மக்களோடு ஓட்டலுக்குப் போய்த் தோசை தின்பதற்குக்கூட நாம் யாரிடமும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. அன்று ஒரு வேளையாவது அடுப்படியிலிருந்து அவளுக்கு விடுதலை.

கான்டீன் தர்மமல்ல, உரிமை

இனி, செலவை யார் தாங்குவது என்கிற விஷயத்துக்கு வருவோம்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைகளில் கான்டீன் நடத்தும்படி முதலாளிக்கு உத்தரவிட விதி செய்யலாம் என்றது. கான்டீன் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 1976-ல் செய்த திருத்தம், கான்டீனை நடத்துவதில் சில செலவுகளைச் சாப்பாட்டு விலையில் சேர்க்காமல் முதலாளியே ஏற்க வேண்டும் என்றது. 150 பேருக்கு மேல் இருந்தால் சாப்பாட்டு அறையும் ஓய்வு அறையும் வேண்டும் என்றது 47-வது பிரிவு.

2020-ல் பார்லிமெண்டில் நிறைவேற்றி 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்குக் கொண்டுவந்த தொகுப்புச் சட்டங்களைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து வருகின்றன. நாமும் எதிர்க்கிறோம். மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்று உயர்த்தி, சின்னப் பட்டறைத் தொழிலாளியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். ஆனால் அதே தொகுப்பில், காண்ட்ராக்ட் தொழிலாளியையும் சேர்த்து 100 பேர் வேலை செய்கிற இடத்தில் கான்டீன் வேண்டும் என்று விதி செய்ய இடம் வைத்திருக்கிறார்கள். ஒரு கையால் பிடுங்கியவன் மறுகையால் ஏதாவது கொடுத்தால் அதையும் விட்டுவிட வேண்டுமா? 100 பேருக்கு மேல் உள்ள ஒவ்வொரு மில்லிலும் நாம் கான்டீனைக் கேட்போம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். வெளியே மத்தியானச் சாப்பாடு 70 ரூபாய், இரண்டு டீ 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 94 ரூபாய்; மாதம் 26 நாளைக்கு 2,444 ரூபாய். கான்டீனில் சாப்பாடு 30 ரூபாய், இரண்டு டீ 10 ரூபாய் என்றால் நாளுக்கு 40. மாதத்துக்கு 1,040 ரூபாய். வித்தியாசம் 1,404 ரூபாய். வருஷத்துக்கு 16,848 ரூபாய்! உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். கான்டீன் என்பது கூலி உயர்வின் மறு பெயர் என்பது விளங்கும்.

கான்டீனை நடத்துகிறோம் என்று பேருக்கு ஒரு கொட்டகை போட்டு, அதைக் காண்ட்ராக்டருக்கு விட்டு, தண்ணீர்ச் சாம்பாரும் வேகாத சோறும் போடுகிற தந்திரமும் உண்டு. அரை மணி நேர இடைவேளையில் கால் மணி வரிசையில் நிற்க வேண்டிய கான்டீனும் உண்டு. இதற்கு மருந்து கமிட்டிதான். கமிட்டியில் உட்காருகிற தொழிலாளர் பிரதிநிதி அரிசி மூட்டையைத் திறந்து பார்க்கட்டும், எண்ணெய் டின்னைப் பார்க்கட்டும், கணக்கு நோட்டைப் புரட்டட்டும். பெண்கள் வேலை செய்கிற ஆலையில் கமிட்டியில் பெண் தோழர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பொது அடுப்பு புதிய கற்பனையல்ல

1919-ல் எழுதிய ‘மகத்தான தொடக்கம்’ என்ற பிரசுரத்தில் லெனின், பொதுச் சாப்பாட்டுச் சாலைகளையும் குழந்தைக் காப்பகங்களையும் புதிய சமுதாயத்தின் முளைகள் என்று கணக்கிட்டார். சமையலறையின் சில்லறை வேலைகளிலிருந்து விடுபடாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்பது அவர் கருத்து. சோவியத் நாட்டின் முதல் சமையல் ஆலை 1925-ல் திறக்கப்பட்ட இடம் எது தெரியுமா? இவானவோ-வஸ்னெசென்ஸ்க் என்னும் பஞ்சாலை நகரம்! நம்மைப் போன்ற நூற்பாலை, நெசவாலைத் தொழிலாளிகளுக்காகத்தான் அது எழுந்தது.

முதலாளித்துவ நாடான பிரிட்டனும் யுத்த காலத்தில் இதற்கு வந்தது. ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. பெண்கள் வேலைக்கு வர வேண்டியிருந்தது. உடனே பொதுச் சாப்பாட்டு விடுதிகள் திறந்தார்கள். 1943-ல் அப்படிப்பட்ட விடுதிகள் 2,000-க்கு மேல் இருந்தன. தேவையென்றால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

கட்டாயப்படுத்தினால் இது தழைக்காது என்பதையும் சரித்திரம் காட்டியிருக்கிறது. சீனாவில் 1958-ல் கிராமக் கம்யூன்களில் வீட்டு அடுப்புகளை மூடவைத்துப் பொதுச் சாப்பாட்டுக் கூடங்களை ஏற்படுத்தினார்கள். பஞ்ச காலத்தில் அவை நொடித்தன. 1961-ல் கைவிட வேண்டியதாயிற்று. பொது அடுப்பு வேண்டும். வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்லக்கூடாது. விரும்பியவர் வந்து சாப்பிடுகிற இடமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் வழிகாட்டும் உதாரணங்கள் உண்டு. காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடித் தொழிலாளிகளைத் தெருவில் நிறுத்தியபோது, தோழர் ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலில் அந்தத் தொழிலாளிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957-ல் பெங்களூரிலும் டில்லியிலும், 1958-ல் திருச்சூரிலும் இந்தியன் காப்பி ஹவுஸ் தொழிலாளர் கூட்டுறவாகத் தொடங்கியது. முதலாளி இல்லாமல் ஓட்டல் நடக்கும் என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

தமிழ்நாட்டில் 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் கொடுக்கப்பட்டன. எந்தக் கட்சி தொடங்கியது என்று பார்த்து மூட்டை தூக்குகிறவன் சாப்பிடவில்லை, பசிக்குச் சாப்பிட்டான். ஆனால் அந்த ஏற்பாடு நகரங்களோடு நின்றுவிட்டது. நடவுக்காரப் பெண்ணுக்கு அது எட்டவில்லை. கேரளத்தில் 2020-ல் குடும்பஸ்ரீ பெண்கள் ஜனகீய ஓட்டல்களைத் தொடங்கி 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார்கள். 2023-ல் சர்க்கார் மானியம் நின்றபோது விலை 30 ஆயிற்று. சர்க்கார் தோள் கொடுக்காவிட்டால் பெண்கள் குழுவின் உழைப்பு மட்டும் விலையைப் பிடித்து வைக்க முடியாது என்பதே இதில் பாடம்.

1956-ல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982-ல் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே இரண்டு வேளை சாப்பிடுகிறார்கள். இதை ஊதாரித்தனம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்கு நியாயமானது, அந்தப் பிள்ளையைப் பெற்று வளர்க்க உழைக்கிறவர்களுக்கு அநியாயமாகிவிடுமா?

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே தோழர்களே, சங்கக் கிளைகளிலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டங்களிலும் இதை விவாதத்துக்கு எடுங்கள். நாம் முன்வைக்கிற கோரிக்கைகள் இவை:

ஒன்று: 100 பேருக்கு மேல் உள்ள எல்லா ஆலைகளிலும், இரவு ஷிப்ட் உட்பட எல்லா ஷிப்டிலும், லாபநோக்கில்லாத கான்டீன் வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே தட்டு, அதே விலை.

இரண்டு: சின்ன நூற்பாலைகளும் விசைத்தறிகளும் பின்னலாடைக் கம்பெனிகளும் நெருங்கியிருக்கிற பகுதிகளில், அந்த முதலாளிகள் சேர்ந்து பணம் போட்டுப் பொதுக் கான்டீன் நடத்த வேண்டும்.

மூன்று: கூலி ஒப்பந்தம் பேசும்போது, அரிசி பருப்பு விலையோடு சமைத்த சாப்பாட்டின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கான்டீன் இல்லாத இடத்தில் சாப்பாட்டுப் படி வேண்டும்.

நான்கு: ஊராட்சிகளில் பெண்கள் குழுக்களைக் கொண்டு மலிவு உணவகம் திறக்க வேண்டும். நடவு, அறுவடைக் காலங்களில் விடியற்காலையிலேயே அது திறந்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களுக்குச் சட்டப்படி கூலி வேண்டும். மலிவுச் சாப்பாட்டின் பாரத்தை இன்னொரு ஏழைப் பெண்ணின் முதுகில் ஏற்றக்கூடாது.

ஐந்து: நாம் சாப்பிடுகிற கடையில் மேஜை துடைக்கிறவனும் தொழிலாளியே. ஓட்டல் தொழிலாளிகளுக்காக 1958-ல் தனிச் சட்டமே வந்தது. இருந்தும் விடியற்காலை முதல் நடுராத்திரி வரை அவர்களை நிற்க வைக்கிற கடைகள் உண்டு. அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பது நம் கடமை.

கடைசியாக ஒரு வேண்டுகோள் வீட்டுக்குள்ளே. கான்டீன் வருகிற வரையில் அடுப்படி வேலையை இரண்டு பேரும் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். 289-க்கும் 88-க்கும் உள்ள தூரத்தைக் குறைக்கச் சட்டம் வர வேண்டியதில்லை. தறியில் அறுந்த இழையைத் தேடி முடிகிற கைக்கு வெங்காயம் நறுக்கத் தெரியாதா?

சிக்கனமாக வாழுங்கள் என்று முதலாளி உபதேசிக்கும்போது தலையைக் குனிய வேண்டாம். மில்லின் கணக்குப் புத்தகத்தில் இயந்திரத்துக்கு ஊற்றுகிற எண்ணெய் செலவாக எழுதப்படுகிறது. அதை ஊதாரித்தனம் என்று எந்த மானேஜரும் சொல்வதில்லை. அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன் வயிற்றுக்குப் போகிற சோறும் அதே புத்தகத்தில் ஏறட்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் நமது கோரிக்கைப் பட்டியலில் கான்டீன் முதல் வரிசையில் நிற்கட்டும்!